உங்கள் பெயரில் இன்னொருவர் கடன் வாங்கினால்

2023 மார்ச்சில் டெல்லி போலீசார் ஐந்து பேரைக் கைது செய்தார்கள். தோனி, அபிஷேக் பச்சன், ஷில்பா ஷெட்டி என்று பிரபலங்களின் பெயரில் கிரெடிட் கார்டு எடுத்து, 21 லட்சம் ரூபாய்க்கு மேல் பொருள் வாங்கியதாக வழக்கு. கார்டு கொடுத்தது புனேயில் உள்ள ஒரு நிதி நிறுவனம்.

அவர்கள் யாருடைய கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்து எதையும் எடுக்கவில்லை. போலீசார் சொன்னபடி, முதலில் இந்தப் பிரபலங்களின் ஜிஎஸ்டி எண்ணைக் கூகுளில் தேடியிருக்கிறார்கள். ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளேயே பான் எண் இருக்கிறது. பிறந்த தேதியும் கூகுளில் கிடைக்கிறது. இரண்டையும் வைத்து, தங்கள் சொந்தப் போட்டோவைப் போட்டுப் போலி பான் கார்டு தயாரித்தார்கள். வீடியோவில் ஆளைச் சரிபார்த்தபோது கார்டில் இருந்த முகமும் திரையில் தெரிந்த முகமும் ஒத்துப்போயின. பழைய கடன்களைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கும் சரியான பதில் வந்தது. அந்த விவரங்களையும், ஒருவரின் கடன் வரலாற்றைச் சொல்லும் கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்தார்கள்.

பான் எண் எவ்வளவு வெளிப்படையாகக் கிடக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். பக்கத்து மளிகைக் கடை பில் ஒன்றை எடுங்கள். மேலே 15 இலக்கத்தில் ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்துக்கு உரியது, தமிழ்நாட்டுக்கு 33. அதற்கு அடுத்த பத்தும் அப்படியே பான் எண். மொத்த எண்ணில் ஆறாவதாக ‘பி’ என்ற ஆங்கில எழுத்து வந்தால், அது கம்பெனியின் பான் இல்லை. தனி மனிதருடையது, அதாவது கடை முதலாளியின் சொந்த பான். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. எண்ணை பில்லில் அச்சிட வேண்டும் என்பது சட்டம்.

இப்படி ஒருவருடைய விவரங்களை வைத்து இன்னொருவர் அவராக நடிப்பதுதான் அடையாளத் திருட்டு. கணக்கிலிருந்து பணம் போனால் உடனே மெசேஜ் வரும், தெரிந்துவிடும். உங்கள் பெயரில் யாரோ சிம் வாங்கினாலோ, 2,000 ரூபாய் கடன் எடுத்துக் கட்டாமல் விட்டாலோ, ஒரு போலிக் கம்பெனி தொடங்கினாலோ உங்களுக்கு ஒரு சத்தமும் வராது. வீட்டுக் கடனுக்குப் போய் உட்காரும்போது, ‘உங்களுக்கு ஏற்கெனவே கட்டாத கடன் இருக்கிறதே’ என்று வங்கி மேனேஜர் சொல்லும்போதுதான் தெரியும். தினக்கூலிக்குப் போகிறவர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி கட்டச் சொல்லி ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது என்று செய்தி படித்திருப்பீர்கள். கடன் வாங்கித் தருகிறேன், உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று யாரோ வாங்கிப்போன ஆதார், பான் ஜெராக்ஸ்தான் பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருக்கும்.

எண்கள் ஏற்கெனவே வெளியே இருக்கின்றன

‘ஆதார் எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள்’ என்ற அறிவுரையோடு நின்றுவிடும் கட்டுரைகள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொடுக்காமல் இந்த நாட்டில் வாழ முடியாது. வாடகை வீட்டுக்கு, லாட்ஜுக்கு, பள்ளிச் சேர்க்கைக்கு, கேஸ் இணைப்புக்கு என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். ஜெராக்ஸ் கடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப் நம்பருக்கு ஆதார் பிடிஎஃப்பை அனுப்புகிறோம். அவர் அதைக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து பிரின்ட் எடுத்துக் கொடுக்கிறார். நாம் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்த ஃபைல் அவருடைய வாட்ஸ்அப்பிலும் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் அப்படியே கிடக்கும். அதற்கு பாஸ்வேர்டு இருக்கிறதே என்று கேட்கலாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அந்த பாஸ்வேர்டு. அதையும் நாமே அடுத்த மெசேஜில் தட்டி அனுப்பியிருப்போம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் யார் யார் உட்காருகிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

போதாததற்கு, நிறுவனங்களிடமிருந்தே தகவல் கசிகிறது. 2021இல் ஏர் இந்தியா பயணிகள் சுமார் 45 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. உலகம் முழுவதும் சேர்த்த கணக்கு இது. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவன வாடிக்கையாளர்களின் விவரங்கள் டெலிகிராமில் கிடைத்தன. அவற்றில் மருத்துவ அறிக்கைகளும் இருந்தன. இதில் வாடிக்கையாளர் என்ன ஜாக்கிரதையாக இருந்திருக்க முடியும்? ஏமாந்தவரைப் பார்த்து ‘நீ ஏன் கவனமாக இல்லை?’ என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம். அதை விட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்லாமல் இருப்பவர்களால்தான் மோசடிக்காரனுக்கு நேரம் கிடைக்கிறது.

ஆகவே, பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், பான் எண், போன் நம்பர் எல்லாம் வெளியே போய்விட்டன என்றே வைத்துக்கொண்டு யோசிப்பது நல்லது. அப்படி யோசித்தால் செய்ய வேண்டியவை இரண்டுதான் மிஞ்சும். ‘நான்தான் நான்’ என்று நிரூபிக்கும் ஓடிபி, கைரேகை, ஈமெயில் ஆகியவற்றைக் காப்பது ஒன்று. நம் பெயரில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவ்வப்போது நாமே போய்ப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதைப் பெரும்பாலானோர் செய்வதே இல்லை.

முதலில் போன் நம்பர்

உங்கள் போன் நம்பர் ஒரு கொத்துச் சாவி. வங்கி, ஆதார், ஈமெயில், வாட்ஸ்அப், வருமான வரி எல்லாவற்றுக்கும் ஓடிபி வருவது அதில்தான். அதனால் மோசடிக்காரன் பல நேரம் வங்கியை விட்டுவிட்டு நம்பரைக் குறிவைக்கிறான். போலி அடையாள அட்டையைக் காட்டி ‘சிம் தொலைந்துவிட்டது, டூப்ளிகேட் கொடுங்கள்’ என்று உங்கள் நம்பரையே வாங்கிவிடுவது ஒரு வழி. புது சிம் வேலை செய்யத் தொடங்கியதும் உங்கள் கையில் இருக்கும் சிம் செத்துவிடும். மற்றவர்களுக்கு டவர் இருக்கும்போது உங்கள் போனில் மட்டும் வெகு நேரம் சிக்னல் இல்லை, ரீஸ்டார்ட் செய்தும் வரவில்லை என்றால் ‘நெட்வொர்க் பிரச்சினை’ என்று படுத்துவிடாதீர்கள். வேறு போனிலிருந்து சிம் கம்பெனியைக் கூப்பிட்டு, சிம் மாற்றச் சொல்லி யாராவது கேட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டிருப்பதே இதற்காகத்தான். அந்த ஒரு நாள் உங்களுக்குக் கிடைத்த அவகாசம்.

அழைப்பைத் திருப்பிவிடுவது இன்னொரு வழி. கூரியர் ஆள் என்று ஒருவர் பேசுவார். ‘டெலிவரி பாய் நம்பரோடு இணைக்க இதை டயல் செய்யுங்கள்’ என்று 21, 401 போன்ற எண்களை நட்சத்திரக் குறியோடு சொல்லி, பின்னால் ஒரு பத்து இலக்க நம்பரையும் சேர்க்கச் சொல்வார். டயல் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அந்த நம்பருக்குப் போகத் தொடங்கும். ஓடிபியைக் குரல் அழைப்பாகக் கேட்டு வாங்கி, உங்கள் வாட்ஸ்அப்பைத் தன் போனில் திறந்துவிடுவான். 2024 ஏப்ரல் 15 முதல் இந்த நட்சத்திரக் குறி முறையையே நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவிட்டது. ஆனாலும் தெரியாத ஆள் டயல் செய்யச் சொல்லும் எதையும் டயல் செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் போன் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் பகுதியைத் திறந்து, அங்கே தெரியாத நம்பர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது வழி சாதாரணத் திருட்டு. பஸ்ஸில் போன் போய்விட்டது; ஸ்கிரீன் லாக் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறோம். திருடியவன் சிம்மை மட்டும் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். சிம்முக்கும் பின் நம்பர் போடும் வசதி எல்லாப் போனிலும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் வேறு போனில் சிம் திறக்காது. ஒன்று கவனம்: கம்பெனி கொடுத்த பழைய பின் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள். மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், கம்பெனியிடம் பியுகே என்ற திறப்பு எண்ணை வாங்கித்தான் திறக்க வேண்டும். கூடவே, லாக் ஆன திரையிலேயே மெசேஜ் முழுதாகத் தெரிவதையும் நிறுத்திவிடுங்கள். லாக் போட்ட போனின் முகப்பில் ஓடிபி தெரிந்தால் லாக் போட்டதற்கே பயன் இல்லை.

அப்புறம், பழைய நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பரின் இணைப்பைத் துண்டித்த பிறகு, 90 நாள் கழித்து அதை வேறு ஒருவருக்குக் கொடுக்க முடியும். வங்கிக் கணக்கிலோ ஆதாரிலோ அந்த நம்பர் இன்னும் இருந்தால், உங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். நம்பர் மாற்றுகிறவர்கள் பழையதை விடுவதற்கு முன் எங்கெல்லாம் கொடுத்திருக்கிறோம் என்று எழுதி, ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு விடுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். பல வீடுகளில் அது எப்போதோ தூக்கிப் போட்ட நம்பராக இருக்கும்.

ஈமெயிலும் வாட்ஸ்அப்பும்

போன் நம்பருக்கு அடுத்தது ஈமெயில். எந்தத் தளத்திலும் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் லிங்க் வருவது மெயிலுக்குத்தான். அதனால் மெயில் பாஸ்வேர்டு வேறு எங்கும் பயன்படுத்தாத ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஷாப்பிங் தளத்திலிருந்து கசிந்த பாஸ்வேர்டை எடுத்து, அதே மெயில் முகவரியோடு ஜிமெயிலில் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்கள் செய்யும் முதல் வேலை. நினைவில் வைக்க முடியாது என்றால் பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்துங்கள். வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்தாலும் தப்பில்லை. எல்லா இடத்திலும் பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் என்று வைப்பதைவிட நோட்டு எவ்வளவோ மேல். உங்கள் மெயில் எந்தக் கசிவிலாவது வந்திருக்கிறதா என்று பார்க்க, ‘ஹேவ் ஐ பீன் பௌண்டு’ என்ற இலவசத் தளம் இருக்கிறது. ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலிய நிபுணர் 2013இல் தொடங்கியது.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட் வழியாகப் போய் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் ஆறு இலக்கப் பின் போட்டுவிடுங்கள். ஓடிபி கிடைத்தாலும் இந்தப் பின் இல்லாமல் வேறு போனில் உங்கள் கணக்கைத் திறக்க முடியாது. ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியையும் திறந்து பாருங்கள். எப்போதோ ஒரு பிரவுசிங் சென்டரில் திறந்த வாட்ஸ்அப் வெப் இன்னும் அதில் இருந்தால் உடனே லாக் அவுட் செய்யுங்கள்.

ஆதாரில் இருக்கும் பூட்டு

ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால், வங்கி முகவர் வைத்திருக்கும் சின்ன மிஷினில் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்கலாம். கிராமத்தில் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் பத்திரப்பதிவு ஆவணங்களில் பதிந்திருந்த கைரேகையைப் பிரதி எடுத்து, ரப்பர் போன்ற பொருளில் வார்த்து, இதே முறையில் பணம் எடுத்த வழக்குகள் வந்திருக்கின்றன. இதற்குத்தான் பயோமெட்ரிக் லாக். ஆதார் ஆணையத்தின் செயலியிலோ மைஆதார் தளத்திலோ போட்டால், உங்கள் கைரேகையையும் கண் ரேகையையும் யாரும் சரிபார்ப்புக்குப் பயன்படுத்த முடியாது. தேவைப்படும்போது நீங்களே கொஞ்ச நேரத்துக்குத் திறந்துகொள்ளலாம். ரேஷன் கடைக்குப் போகிறவர் மட்டும் போவதற்கு முன் திறந்துகொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் மிஷின் ரேகையை ஏற்காது. கார்டில் பெயர் உள்ள வேறொருவர் ரேகை வைத்தும் பொருள் வாங்கலாம்.

ஆதார் நகல் கொடுக்க வேண்டி வந்தால் ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுங்கள். 12 இலக்கத்தில் கடைசி நான்கு மட்டும் தெரியும் நகல் அது. அதே தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில் மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது, தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று காரணம் சொல்லி. மாஸ்க்டு ஆதார் வசதி அப்படியேதான் இருக்கிறது. பேப்பர் நகல் கொடுக்கும்போது, எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று எழுத்தின் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போடும் பழைய பழக்கம் இன்றைக்கும் நல்லதே. ஜெராக்ஸ் கடையில் ஃபைலை அழிக்கச் சொல்லி, அழிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வருவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உங்கள் பெயரில் என்ன ஓடுகிறது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் செய்வேன் என்றால், இந்தப் பகுதியில் உள்ளதைச் செய்யுங்கள். அரை மணி நேரம் போதும், செலவு கிடையாது.

கடன் விவரம் முதலில். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நேராக அந்த நிறுவனத்தின் தளத்துக்கே போங்கள். ‘இலவச ஸ்கோர்’ என்று அழைக்கும் கடன் செயலிகளுக்கு வேண்டாம். அங்கே கொடுக்கும் விவரமும் இன்னொரு இடத்துக்குப் போகும். வந்ததும் ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கணக்குகள் பகுதியில் ஒவ்வொரு கடனும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஆயிரம், இரண்டாயிரம் என்று சின்னத் தொகையில், கேள்விப்படாத நிறுவனத்தின் பெயரில் இருப்பதை விசேஷமாகக் கவனியுங்கள். அப்புறம் ‘என்கொயரி’ பகுதி. உங்கள் பெயரில் கடன் கேட்டு யாராவது விண்ணப்பித்திருந்தால், எந்த நிறுவனம், எந்தத் தேதியில் விசாரித்தது என்பது அங்கே இருக்கும். கடன் இன்னும் கைக்குப் போகாத நிலையிலேயே பிடித்துவிட முடிகிற இடம் அது. முகவரி, போன் நம்பர் பட்டியலில் தெரியாத நம்பர் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். சொந்த ரிப்போர்ட்டைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

அடுத்து சிம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போன் நம்பரையும் ஓடிபியையும் போட்டால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பட்டியல் வரும். தெரியாத நம்பர் இருந்தால் ‘என் நம்பர் இல்லை’ என்று அங்கேயே குறித்துவிடலாம். உங்கள் பெயரில் உள்ள சிம்மை வைத்து யாராவது குற்றம் செய்தால் போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் பெயரில் போலிக் கம்பெனி இருக்கிறதா என்று பார்க்க, ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே பான் எண்ணைப் போட்டுத் தேடலாம். கடையே வைக்காத உங்கள் பானில் ஒரு ஜிஎஸ்டி எண் வந்தால் விஷயம் அவசரம். வருமான வரித் தளத்தில் உங்கள் பானில் பதிவான வருமானத்தைப் பட்டியலிடும் ஏஐஎஸ் என்ற அறிக்கை இருக்கிறது. நீங்கள் வேலை பார்க்காத கம்பெனியிலிருந்து சம்பளமோ, உங்களுக்குத் தெரியாத வங்கியிலிருந்து வட்டியோ அதில் இருந்தால் உங்கள் பான் வேறு யார் கையிலோ இருக்கிறது. அது தன்னுடையது இல்லை என்று அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம்.

கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறோம்’ என்று கேட்கிற கூட்டம் இருக்கிறது. மோசடிப் பணம் கைமாறுவதற்கு அந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துவார்கள். பிறகு கைதாவது பிள்ளைதான்.

நடந்துவிட்டால்

பணம் போயிருந்தால் உடனே 1930. வங்கிக்கு நேரில் போக வேண்டும், நாளை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்; பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்துவதற்காகவே அந்த நம்பர். பிறகு வங்கிக்கும் சொல்லிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்து, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் இழப்பு உங்களைச் சேராது என்று 2017இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. நாள் கடக்கக் கடக்க உங்கள் பங்கு கூடும்.

பணம் போகவில்லை, பெயர் மட்டும் கெட்டிருக்கிறது என்றாலும் புகார் வேண்டும். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதியலாம், மாவட்டத்தில் உள்ள சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு இதற்கானது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். எஃப்ஐஆர் உடனே போடாவிட்டாலும், புகாரை வாங்கியதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். அந்த ஒரு தாள்தான் கடன் நிறுவனத்திடமும் ஜிஎஸ்டி அலுவலகத்திலும் உங்களுக்காகப் பேசும்.

வசூலுக்குப் பேசுகிறவர், ‘சின்னத் தொகைதானே, கட்டிவிட்டால் பெயரை எடுத்துவிடுகிறோம்’ என்பார். தொல்லை விட்டது என்று கட்டிவிடத் தோன்றும். கட்டாதீர்கள். கட்டினால் அந்தக் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகும். சிஎஸ்ஆர் ரசீது நகலோடு கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். அதே நாளில் கிரெடிட் ரிப்போர்ட் தந்த நிறுவனத்தின் தளத்தில் அந்தக் கணக்கின் மேல் ஆட்சேபம் பதியுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் தீர்த்தாக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. கடன் நிறுவனம் 30 நாளாகியும் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். அதற்கு வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.